இழுத்தால் நகரும் பரவளையம்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். முறையைப் பழகிக்கொண்டால் மதிப்பெண் கைநழுவாது என்பதால் மாணவர்களுக்குப் பிடித்த கேள்வியும்கூட. அட்டவணை போட்டு, -4 முதல் 4 வரை மதிப்புகளைப் பிரதியிட்டு, கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்து, கை நடுங்காமல் வளைத்து இணைத்தால் ஒரு பரவளையம் வந்துவிடும். இவ்வளவு உழைப்புக்கும் கிடைப்பது ஒரே ஒரு வளைகோடுதான். ‘சமன்பாட்டின் நடுவில் இருக்கும் 4-ஐ 5 ஆக்கினால் என்ன ஆகும் சார்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு இன்னொரு தாளும் இன்னொரு அரைமணி நேரமும் வேண்டும். அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

இணையவழிப் பாடங்களுக்குள் இப்போது அசையும் வரைபடங்களைப் பதிக்கிறார்கள். அதனால் என்ன லாபம் என்று கேட்டால், மேலே சொன்ன கேள்வியைத்தான் காட்டுவேன்.

‘எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் பி எக்ஸ் பிளஸ் 3’ என்ற இருபடிச் சார்பை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் இருக்கும் எண் மாறினால் பரவளையம் ஒடுங்கும், அகலும். கடைசி எண் மாறினால் மேலே ஏறும், கீழே இறங்கும். இவை இரண்டையும் எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுப்பார்கள். நடுவில் இருக்கும் ‘பி’ என்ன செய்கிறது என்பதை மட்டும் பெரும்பாலும் தாண்டிப்போய்விடுவார்கள். அந்த ‘பி’க்கு ஒரு ஸ்லைடர் வைத்து இழுத்துப் பாருங்கள். பரவளையம் பக்கவாட்டில் நகரும் என்றுதான் முதலில் தோன்றும். நகரத்தான் செய்கிறது, ஆனால் கூடவே கீழேயும் இறங்குகிறது. ‘பி’ 0 ஆக இருக்கும்போது முனை (0, 3). 2 ஆக்கினால் (-1, 2). 4 ஆக்கினால் (-2, -1). எதிர்ப்பக்கம் -2, -4 என்று போனால் (1, 2), (2, -1). முனைப்புள்ளியின் சுவடு பதியும்படி செய்துவிட்டு மறுபடி இழுத்தால், அந்தச் சுவடே தலைகீழான இன்னொரு பரவளையமாகத் திரையில் விழுகிறது. அகலமும் அதே அகலம். இத்தனை கூத்துக்கும் நடுவில் எல்லா வளைகோடுகளும் (0, 3) என்ற புள்ளியில் ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன. எக்ஸ் 0 ஆகும்போது ‘பி’ இருக்கும் உறுப்பே காணாமல் போய்விடுவதுதான் காரணம். தலைகீழ்ப் பரவளையம் ஏன் வருகிறது என்பதை வர்க்கப் பூர்த்தி முறையில் இரண்டு வரியில் நிறுவிவிடலாம். கண்ணால் பார்த்த பிறகு அந்த இரண்டு வரியை எழுதும் ஆர்வம் தானாகவே வரும்.

ஸ்லைடரை இழுத்து விளையாடுவது மட்டும் கற்றல் ஆகிவிடாது. பத்து விநாடி இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ‘பி’யைக் கூட்டினால் முனை எங்கே போகும் என்று முதலில் நோட்டில் வரையச் சொல்லிவிட்டு, அதன்பின் இழுக்க விட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கணக்குப் பாடங்களில் க்யூஆர் கோடும் ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளின் பணித்தாளும் வந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் எதைச் சொடுக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் திரையில் என்ன தெரியும் என்ற படத்தையும் பக்கத்திலேயே அச்சடித்துவிடுகிறார்கள். விடை கண்முன்னே இருக்கும்போது கைப்பேசியைக் கையில் எடுக்க மாணவருக்கு என்ன அவசியம்?

பதிக்கும் வேலை அப்படியொன்றும் கடினமில்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தொடங்கியது ஜியோஜீப்ரா. அதன் தளத்தில் வரைபடத்தைச் செய்து, பகிரும் இடத்தில் ‘எம்பெட்’ என்பதைத் தேர்ந்தால் ஐஃப்ரேம் என்ற ஒரு நிரல் வரி கிடைக்கும். நம் கல்லூரிகள் பலவற்றில் பயன்படும் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் பாடப்பக்கத்தில் அதை ஒட்டினால் முடிந்தது. சிக்கல் எல்லாம் கைப்பேசியில்தான். 800 பிக்சல் அகலம் என்று அளவை நிலையாகக் கொடுத்திருந்தால் பாதி வரைபடம் திரைக்கு வெளியே போய்விடும். பக்கத்தைக் கீழே தள்ளுவதற்கு விரல் வைத்தால் பக்கம் நகராது, அச்சுகள்தான் நகரும். பதிக்கும்போதே நகர்த்தல், பெரிதாக்கல் வசதிகளை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. இப்படி ஒட்டிய வரைபடம் ஊமை. மாணவர் புள்ளியை எங்கே வைத்தார் என்பதைப் பாடப்பக்கத்துக்கு அது தானாகச் சொல்வதில்லை. இதற்குத் தீர்வு வேறு இரண்டு கருவிகளில் இருக்கிறது. ஜெர்மனியின் பைராய்த் பல்கலைக்கழகத்தில் உருவான ஜேஎஸ்எக்ஸ்கிராஃப் ஒன்று. கிறிஸ் சாங்வின் பிரிட்டனின் பர்மிங்காமில் இருந்தபோது 2004-இல் தொடங்கிய ஸ்டாக் என்ற வினா முறை இன்னொன்று. இரண்டும் மூடுலுக்குள் சேர்ந்து இயங்கும். ‘புள்ளியை இழுத்துப் பரவளையத்தின் முனையில் வை’ என்று கேள்வி கேட்கலாம். மாணவர் புள்ளியை விட்ட இடத்தின் ஆயத்தொலைகளே அவருடைய விடையாகப் போய்ச் சேரும். பின்னணியில் மாக்ஸிமா என்ற இயற்கணித மென்பொருள் அதைத் திருத்தும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்கள் கொடுக்க முடியும் என்பதால் பக்கத்து நண்பரைப் பார்த்து எழுதிப் பயனில்லை. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டாக்கின் பின்னூட்டம்தான். முனையின் எக்ஸ் மதிப்பில் கழித்தல் குறியைத் தவறவிடுவது நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. அதை ஆசிரியர் முன்கூட்டியே எழுதி வைத்தால், அந்தப் பக்கம் புள்ளி வைத்தவருக்கு மட்டும் ‘குறியைப் பார்’ என்ற செய்தி வரும். கென்யாவின் மசேனோ பல்கலைக்கழகம் 2019 முதல் ஸ்டாக்கைப் பயன்படுத்தி வருகிறது. அங்குள்ளதுபோல் வகுப்பில் கூட்டம் நிறைய, திருத்தும் கைகள் குறைவு என்ற நிலை நமக்குப் புதிதா என்ன?

வரைபடம் எந்தத் தொழில்நுட்பத்தில், யாருடைய சர்வரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஜாவா ஆப்லெட்டாகப் பதித்த வரைபடங்கள், உலாவிகள் அந்த வசதியைக் கைவிட்டதும் வெற்றுப் பெட்டிகளாக நின்றன. அதேபோல் ஃபிளாஷும் 2020 டிசம்பர் 31-உடன் ஓய்ந்தது. ஜியோஜீப்ராவை 2021-இல் பைஜூஸ் வாங்கியது. அதே பைஜூஸின் தாய் நிறுவனம் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஜியோஜீப்ரா இன்றும் இயங்குகிறது, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசமும்தான். ஆனாலும் செய்த வரைபடங்களின் கோப்புகளைத் தனியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஜேஎஸ்எக்ஸ்கிராஃப் திறந்த மூல மென்பொருள் என்பதால் கல்லூரியின் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ள முடியும்.

இந்த வரிசையில் டெஸ்மாஸ் என்ற வரைபடக் கருவியையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு கணினிக்கு மாறியபோது டெஸ்மாஸின் வரைபடக் கால்குலேட்டர் தேர்வுத் திரைக்குள்ளேயே வந்துவிட்டது. பார்வையற்ற மாணவர்களுக்காக வளைகோட்டை ஒலியாக்கும் வசதியும் அதில் உண்டு. கோடு ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். பாடத்தில் பதிக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேட்பதே இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் பாடத்தையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தில் ஒரே ஒரு வரைபடம், அதில் ஒரே ஒரு ஸ்லைடர், அதற்கு மேலே ஒரு ஊகக் கேள்வி, இது போதும். வகுப்புக்கு அனுப்புமுன் விலை குறைந்த ஒரு கைப்பேசியில் திறந்து, உங்கள் விரலாலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.