பச்சையும் பொன்னும்

இங்கிலாந்து தேசத்து மாஞ்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் நிறம் சிவப்பு என்பது உலகப் பிரசித்தம். ஆனால் 2010-ஆம் வருஷம் அதன் மைதானத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துத் துணி அணிந்து வந்தார்கள். நாம் பார்த்திருந்தால் எதிர்க் கட்சியார் என்றே எண்ணியிருப்போம். அல்ல, சொந்தக் கட்சியாரே! 1878-இல் ரயில்வே தொழிலாளிகள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ஆரம்பித்த காலத்து வர்ணங்கள் அவை.

இத்தனை கோபம் எதற்கு? 2005-இல் அமெரிக்கச் செல்வர் மால்கம் கிளேஸர் கழகத்தைச் சுமார் 79 கோடி பவுனுக்கு வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். அக்கடனில் கணிசமான பங்கு, அதுவரை கடனின்றி இருந்த கழகத்தின் தலையிலேயே ஏறிற்று. வீட்டை வாங்கியவர் அவ்வீட்டுக் குதிர் நெல்லை விற்றே வட்டி கட்டுவது போலத்தான். டிக்கட் விலையும் உயர்ந்தது.

மனம் கசந்த சிலர் அவ்வருஷமே வெளியேறித் தமக்கென ஒரு கழகம் அமைத்தார்கள். அங்கே அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வோட்டு. மற்றவர் பொறுத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில் பணக்காரக் கழகங்கள் 12 கூடித் தனிப் பந்தயம் நடத்த முனைந்தன. மாஞ்செஸ்டர் யுனைடெட்டும் அவற்றில் ஒன்று. எதிர்ப்புக்கு அஞ்சி இரண்டே நாளில் அது பின்வாங்கிற்று. ஆயினும் மே 2-ஆம் தேதி ரசிகர்கள் மைதானத்தினுள் புகுந்தார்கள். லிவர்பூலுடன் நடக்கவிருந்த ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அத்துமீறலை நாம் ஆதரிக்கவில்லை. மனக்குமுறலை மறுக்கவும் இயலவில்லை.

பங்குகளை விலைக்கு வாங்கலாம். பாட்டன் பேரனைக் கைப்பிடித்து மைதானத்துக்கு அழைத்துச் சென்ற பற்றை எந்தப் பத்திரத்தில் எழுதி வாங்குவது? இத்தகைய ஸ்தாபனத்துக்குச் சொந்தக்காரர், தர்மகர்த்தாவைப் போல் நடந்துகொள்வதே முறை என்போம்.