பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல!

சென்ற மழைக்காலத்தில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். லீவு போடாமல் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். சில்லறை கேட்ட ஒரு பெரியவரிடம் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு பிடிக்கவில்லை. பிள்ளைகள் பேசினாலும் பிடிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடி முடங்கிவிட்டேன். காய்ச்சல் விட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது.

இது குணக்கேடு மட்டும் அல்ல. உடம்பில் கிருமி புகுந்ததும் எதிர்ப்பு சக்தி அணுக்கள் 'சைட்டோகைன்' என்னும் ரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. இவை மூளைக்குச் செய்தி சொல்கின்றன. பசி குறைகிறது, சோர்வு வருகிறது, மனம் தனிமையை நாடுகிறது. கிருமியோடு போராடும் நேரத்தில் பலம் வீணாகாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

காவலே தாக்கினால்?

காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழி தவறி மூளையைத் தாக்கினால் என்ன ஆகும்?

2009-ம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் சுசானா கஹாலன் என்ற 24 வயதுப் பத்திரிகை நிருபருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். காரணமில்லாமல் அழுதார். பிறகு வலிப்பு வந்தது. அளவுக்கு மீறிய குடிதான் காரணம் என்றார் ஒரு டாக்டர். மனநோய் என்ற பேச்சும் எழுந்தது. ஸ்கேன் படத்தில் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

கடைசியில் டாக்டர் சுஹேல் நஜ்ஜார் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வட்டத்தின் வலப் பக்கத்திலேயே எழுதினார் அந்தப் பெண். மூளையின் வலப் பாதியில் அழற்சி இருக்கிறது என்று டாக்டர் புரிந்துகொண்டார். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் மருந்துகளும், பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. சில மாதங்களில் அவர் வேலைக்குத் திரும்பினார். 2012-ல் தம் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

மூளை நரம்பணுக்களில் உள்ள 'என்.எம்.டி.ஏ.' ஏற்பிகளை நம் உடம்பின் எதிர்ப்பொருள்களே தாக்குவதால் வரும் நோய் இது. டாக்டர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007-ல் இதனைக் கண்டறிந்து கூறினர். இளம்பெண்களிடமும் சிறார்களிடமும் அதிகம் காணப்படுகிறது. சில பெண்களுக்குச் சினைப்பையில் உள்ள கட்டியே இதற்குக் காரணம். அதை அகற்ற வேண்டும். 577 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் இரண்டாண்டுக்குள் நன்கு தேறியிருந்தனர்.

என்ன செய்ய வேண்டும்?

எல்லா மனநோயும் இதுவல்ல. ஆனால், நன்றாக இருந்தவர் சில நாட்களில் அல்லது வாரங்களில் அடியோடு மாறிப்போய், கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் கோணுதல், பேச்சு நின்றுபோதல் ஆகியவையும் இருந்தால் வேப்பிலை அடிக்க அழைத்துப் போகாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் நோய் தெரிந்துவிடும். நம் பெங்களூரு ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ளன.

காய்ச்சலில் மாறிய என் குணம் இரண்டே நாளில் தானாகத் திரும்பியது. அந்தப் பெரியவரிடம் மன்னிப்பும் கேட்டேன். இந்த நோயில் மாறும் குணத்துக்கோ வைத்தியம் வேண்டும். அதையும் நாள் கடத்தாமல் செய்ய வேண்டும்.