உறக்கம் வராத இரவுகள்: நாட்பட்ட தூக்கமின்மையை எதிர்கொள்வது எப்படி?

எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் பலர், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும் வேளையில் சற்றுத் தயங்கி, "மாதக்கணக்கில் சரியான தூக்கமே இல்லை, டாக்டர்" என்று சொல்வதுண்டு. படுத்தவுடன் மனம் ஓடத் தொடங்குகிறது. மகளின் திருமணம், கட்ட வேண்டிய கடன் தவணை, அடுத்த வாரம் வரவிருக்கும் பரிசோதனை முடிவு என எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரண்டு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தபின், 'இன்றும் தூக்கம் போயிற்றே, நாளை எப்படி வேலை செய்வேன்?' என்னும் கவலை மற்றக் கவலைகளையெல்லாம் மிஞ்சிவிடுகிறது. இவர்களுள் பெரும்பாலோர் கேட்பது ஒரு தூக்க மாத்திரை.

மாத்திரைக்கு முன்னதாகச் செய்யத்தக்கவை பல உள்ளன. அவற்றால் கிட்டும் பயன் மாத்திரையின் பயனைவிட நீண்ட நாள் நிலைக்கிறது. அவை எவை, ஏன் பயன் தருகின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எது நாட்பட்ட தூக்கமின்மை?

தேர்வு, பயணம், வீட்டில் ஒரு துக்கம் ஆகியவற்றை ஒட்டிச் சில நாள்கள் உறக்கம் கெடுவது இயல்பு. படுக்க நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் குறைந்தது 3 இரவுகள் உறக்கம் வரத் தாமதமாவதோ, இடையில் கலைவதோ, விடியுமுன் விழிப்பு வந்துவிடுவதோ 3 மாதங்களுக்கு மேல் நீடித்து, அதனால் பகற்பொழுதில் சோர்வும் எரிச்சலும் கவனக்குறைவும் ஏற்பட்டால், அதனை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறோம்.

எத்தனை மணி நேரம் உறங்குகிறோம் என்பதை மட்டும் கொண்டு இதனை முடிவு செய்வதில்லை. ஆறு மணி நேரம் உறங்கிப் பகலில் தெளிவாக இருப்பவர் நோயாளி அல்லர். வயது கூடக்கூட உறக்கத்தின் ஆழம் குறைவதும், இரவில் ஓரிரு முறை விழிப்பதும் இயற்கை. உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நிகழ்கிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் சிறிது விழிப்பது எல்லாருக்கும் உண்டு. அந்த விழிப்பைக் கண்டு அஞ்சும்போதுதான் அது நீள்கிறது.

உறக்கம் எவ்வாறு வருகிறது?

உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்வதாக அலெக்சாண்டர் போர்பேலி என்னும் அறிஞர் 1982இல் விளக்கினார். முதலாவது, உறக்கப் பசி. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. அது சேரச்சேர உறக்கத்திற்கான தேவை மிகுகிறது, உறங்கும்போது குறைகிறது. மாலையில் பலகாரம் தின்றவருக்கு இரவு உணவு இறங்காததுபோல, பகலில் இரண்டு மணி நேரம் உறங்கியவருக்கு இரவில் உறக்கப் பசி இராது. காபி, தேநீர் ஆகியவற்றிலுள்ள காஃபீன், அடினோசின் மூளையில் செயற்படுவதைத் தடுக்கிறது. உடலிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. ஆதலால் மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கக்கூடும்.

இரண்டாவது, உடற்கடிகாரம். காலை வெளிச்சமும், எழும் நேரத்தின் ஒழுங்கும் இக்கடிகாரத்தைச் சரியாக ஓடச் செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கும் திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கும் எழுபவரது கடிகாரம் தடுமாறுகிறது.

இவ்விரண்டும் சரியாக இருப்பினும் உறக்கத்தை விரட்டவல்ல ஒன்று உண்டு. அதுவே விழிப்புணர்ச்சியின் மிகுதி. ஆபத்து நேர்கையில் உடல் உறங்காமலிருப்பது நமது பாதுகாப்பிற்கான ஏற்பாடு. கவலையையும் ஆபத்தாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன. அந்நிலையில் 'எப்படியாவது தூங்கிவிட வேண்டும்' என்று முயல்வது அந்த இறுக்கத்தை மேலும் வளர்க்கிறது.

காரணம் போனபின்னும் தூக்கமின்மை ஏன் போவதில்லை?

ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் உளவியலறிஞர், தூக்கமின்மைக்குரிய காரணங்களை மூன்றாகப் பிரித்தார். எளிதில் கவலைப்படும் இயல்பு போன்றவை முதல் வகை. அறுவைச் சிகிச்சை, வேலை இழப்பு, உறவினர் மறைவு போன்று தூக்கமின்மையைத் தொடங்கிவைப்பவை இரண்டாம் வகை. தொடங்கியதை நீடிக்கச் செய்யும் பழக்கங்கள் மூன்றாம் வகை.

இந்த மூன்றாம் வகையையே நோயாளிகள் கவனிப்பதில்லை. உறக்கம் குறைந்ததை ஈடு செய்ய முன்னதாகவே படுக்கின்றனர், விடிந்தபின்னும் எழாமல் கிடக்கின்றனர், பகலில் கண்ணயர்கின்றனர், நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். ஒவ்வொன்றும் பொருத்தமாகவே தோன்றும். எனினும் இவற்றால் உறக்கப் பசி குறைகிறது. விழித்தபடி படுக்கையிற் கிடக்கும் நேரம் கூடுகிறது. நாளடைவில் படுக்கையைக் கண்டாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. தொலைக்காட்சி முன் நாற்காலியில் கண் சொருகியவருக்கு, படுக்கையில் தலை வைத்தவுடன் உறக்கம் கலைவது இதனால்தான்.

பழகிய ஒன்றை மாற்றிப் பழக்கவும் முடியும் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை. இதனைத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பர். நாட்பட்ட தூக்கமின்மையுள்ள வயது வந்தோர்க்கு இதனையே முதற்சிகிச்சையாக அளிக்க வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

செய்ய வேண்டியவை

1. குறிப்பேடு. இரு வாரங்களுக்குப் படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகலுறக்கம், காபி, மாத்திரை ஆகியவற்றைக் காலையில் தோராயமாகக் குறித்து வையுங்கள். இரவில் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டாம். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவது நல்லது.

2. மாறாத எழும் நேரம். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், விடுமுறை நாளானாலும், ஒரே நேரத்தில் எழுங்கள். எழுந்தவுடன் சிறிது நேரம் வெளிச்சத்தில் நடங்கள்.

3. உறக்கத்திற்கு மட்டுமே படுக்கை. கண் சொருகும்போது மட்டும் படுங்கள். ஏறத்தாழ 20 நிமிடங்கள் கழிந்தும் உறக்கம் வரவில்லையென்று தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான ஒன்றைச் செய்யுங்கள். கண் சொருகியபின் திரும்புங்கள். எத்தனை முறையாயினும் இவ்வாறே செய்க. கைப்பேசி, கணக்கு வழக்கு, வாக்குவாதம் ஆகியவை படுக்கையில் வேண்டாம். தனிப் படுக்கையறை இல்லாத வீடுகளில், உறங்கும் வேளையில் மட்டும் பாயை விரித்து, எழுந்ததும் சுருட்டி வைத்தாலே போதும். இரவில் விழித்தால் பாயை விட்டு நகர்ந்து சுவரோரம் அமரலாம்.

4. படுக்கை நேரத்தைச் சுருக்குதல். எடுத்துக்காட்டாக, இரவு 9.30க்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் ஒருவர், அந்த எட்டரை மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார் என்று கொள்வோம். அவரை 12 மணிக்குப் படுத்து 5.30க்கு எழுமாறு கூறுவோம். படுக்கையில் இருந்த நேரத்தில் 85 விழுக்காட்டிற்கு மேல் உறங்கத் தொடங்கியதும், வாரத்திற்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கச் செய்வோம். ஐந்து மணி நேரத்திற்குக் கீழே குறைப்பதில்லை. முதல் ஓரிரு வாரங்களில் பகலில் தூக்கக் கலக்கம் மிகும். அப்போது வாகனம் ஓட்டுவதும் இயந்திரங்களை இயக்குவதும் ஆபத்து. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளோரும், கருவுற்றோரும், ஓட்டுநர்களும், விழுந்துவிடும் அபாயமுள்ள முதியோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்கக் கூடாது.

அலைபாயும் மனத்திற்கு ஒரு நேரம்

கவலைப்படாதீர்கள் என்று சொல்வதால் எவரது கவலையும் நீங்குவதில்லை. கவலைக்கு வேறொரு நேரத்தை ஒதுக்குவது இயலும். மாலையில் 15 அல்லது 20 நிமிடங்கள் ஒரு தாளுடன் அமர்ந்து, மனத்தை அரிப்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை செய்யக்கூடிய ஒரு செயலைக் குறியுங்கள். 'தவணைக்கு அவகாசம் கேட்க வங்கிக்குச் செல்ல வேண்டும்', 'பரிசோதனை முடிவு பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்' என்ற அளவில் இருந்தால் போதும். செய்ய ஒன்றுமில்லாதவற்றுக்கு 'இப்போது என் கையில் இல்லை' என்று எழுதுங்கள். இரவில் அதே எண்ணம் வருமாயின், அதற்கு நாளை மாலை நேரம் இருக்கிறது என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுவதும், கால் முதல் தலை வரை தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் உடலின் இறுக்கத்தைக் குறைக்கும்.

'தூங்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்' என்று அஞ்சுவோரும் உண்டு. ஓரிரவு உறக்கம் குறைந்தால், மறு இரவுகளில் உடல் ஆழ்ந்த உறக்கத்தை மிகுதியாகப் பெற்று ஒரு பகுதியை ஈடு செய்துகொள்கிறது. விழித்திருந்ததாக எண்ணும் நேரத்தில் ஒரு பகுதி, நாம் அறியாமலே உறங்கிய நேரமாகவும் இருப்பதுண்டு.

மாத்திரைகள் பற்றி

கடும் நெருக்கடியில் சில நாள்களுக்கு மாத்திரை உதவும். அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவற்றை மாதக்கணக்கில் உட்கொண்டால், அதே அளவு பயன் தராமற் போவதுடன் உடல் அவற்றுக்குப் பழகிவிடும். முதியோர்க்கு நினைவுத் தடுமாற்றமும், இரவில் விழுந்து எலும்பு முறிதலும் நேரலாம். மதுவுடன் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. மது தனியாகவும் தீர்வு ஆகாது. முதலில் கண்ணயரச் செய்து, பின்னிரவில் உறக்கத்தைக் குலைக்கும். பிறருக்கு எழுதிய சீட்டைக் கொண்டு மாத்திரை வாங்காதீர்கள்.

நெடுநாளாக உட்கொண்டு வருவோர், இதனைப் படித்தவுடன் நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சில வேளை வலிப்பும் வரக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

வேறு நோயின் அறிகுறியா?

உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், பகலில் அடக்கவியலாத தூக்கம் ஆகியவை உறக்க மூச்சுத்தடையைக் காட்டலாம். மாலையானதும் கால்களில் இனம்புரியாத குறுகுறுப்பும், அவற்றை ஆட்ட வேண்டுமென்ற உந்துதலும் இருந்தால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். படபடப்பும் எடைக் குறைவும் தைராய்டு மிகைச் சுரப்பால் வரலாம். கட்டுக்கடங்காத சர்க்கரை, இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், நாட்பட்ட வலி, மாலையில் உட்கொள்ளும் ஸ்டீராய்டு அல்லது நீர் பிரியும் மாத்திரை ஆகியவையும் உறக்கத்தைக் கெடுக்கும். மருந்து நேரத்தை நீங்களாக மாற்றாமல் எங்களிடம் கேளுங்கள்.

விடியுமுன் விழிப்பு வருவதோடு, எதிலும் நாட்டமின்மையும் வாழ்வில் வெறுப்பும் சேர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தாருக்கு

காலையில் முதற்கேள்வியாக "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்பதைத் தவிருங்கள். அன்புடன் கேட்கப்படினும், அது ஒவ்வொரு இரவையும் ஒரு தேர்வாக்கிவிடுகிறது. பகலில் படுக்கச் சொல்வதை விட, மாலையில் உடன் நடக்க அழைப்பது பெரிதும் உதவும். நள்ளிரவில் அவர் எழுந்து அமர்ந்திருந்தால் பதறாதீர்கள். சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அவர் எழுந்திருக்கலாம்.

நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் துணையாளர்களுக்கும் ஒரு சொல். உங்கள் உறக்கம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரமின்மை. அதற்கு மேற்சொன்ன படுக்கை நேரச் சுருக்கம் பொருந்தாது. உறவினர் ஒருவருடன் இரவுகளை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முறையில்லாத இரவில் வீட்டிற்குச் சென்று உறங்குங்கள். நீங்கள் ஓய்ந்துபோனால் மருந்து கொடுப்பதிலும் கவனம் தவறும்.

இம்முறைகளால் முதல் வாரத்திலேயே மாற்றம் தெரிவதில்லை. ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை விடாமல் செய்யவேண்டும். நடுவே ஓரிரு மோசமான இரவுகள் வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டதாகக் கருதாதீர்கள். மறுநாளும் அதே நேரத்தில் எழுந்து தொடருங்கள். அடுத்த முறை எங்களிடம் வரும்போது, இரு வாரக் குறிப்பேட்டையும் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துவாருங்கள். தூக்கமின்மையைப் பற்றி எழுந்து செல்லும் வேளையில் சொல்லாமல், அமர்ந்ததும் முதலில் சொல்லுங்கள்.