பரிவுக் கிற்றாரும் அமெரிக்கக் கண்ட்றி இசையும்

ஒரு கருவி எந்நோக்கத்திற்காக ஆக்கப்பட்டதோ அந்நோக்கத்திலே தோல்வியுற்று, ஆக்கியோன் கருதாத வேறொரு துறையில் நிலைபெறுதல் உலகியலில் இல்லாததொன்றன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டின் கண்ட்றி இசையில் வழங்கும் பரிவுக் கிற்றார் அதற்குத் தக்க சான்றாகும். மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டொன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கப்படும் இவ்வாத்தியத்தைப் பொதுமக்கள் டொப்றோ என்னும் வணிகப் பெயராலேயே அறிவர். உரத்த ஒலி வேண்டுமென்று படைக்கப்பட்ட இது, ஒலிப் போட்டியில் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மின்சாரத்தினால் வெல்லப்பட்டது. பின்னரும் அது வாழ்வதற்குக் காரணம் அதன் உரப்பன்று. பாடுவோன் குரலுக்கு அருகில் நின்று அதற்கு மறுமொழி கூறும் இயல்பேயாகும்.

கண்ட்றி இசை என்பது அப்பலாச்சிய மலைத்தொடரையும் அதனைச் சூழ்ந்த தென்மாநிலங்களையும் பிறப்பிடமாகக் கொண்டது. ஸ்கொற்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறியோர் கொணர்ந்த கதைப்பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களும், சிற்றூர்த் தேவாலயக் கீதங்களும் அதிற் கலந்துள்ளன. தாயின் மரணம், பிரிந்த காதல், சிறைவாசம், புகைவண்டி, மறுமை வாழ்வு என்பனவே அதன் பழைய பாடுபொருள்கள். நகரத்தார் அதனை மலைவாசிகளின் பாட்டென்று நெடுங்காலம் இகழ்ந்தனர். 1920ஆம் ஆண்டுகளில் இசைத்தட்டுக் கம்பனிகளும் வானொலி நிலையங்களும் விற்பனை கருதி அதனை நாடத் தொடங்கிய பின்னரே அது நாடெங்கும் பரவியது.

உருக்கினால் வழுக்கி வாசிக்கும் முறை அம்மலைநாட்டில் தோன்றியதன்று; ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. 1874இல் ஓவாகுத் தீவிலே பிறந்த ஜோசப் கேக்குக்கு என்பார், தாம் பாடசாலை மாணவராயிருந்த காலத்தில் இம்முறையை உருவாக்கினாரென்பது பெரும்பான்மையோர் கொள்கை. இந்தியாவிற் பிறந்து கப்பலேறி ஹவாய் சேர்ந்த கேபிரியல் டேவியன் என்பவரே முன்னோடி எனக் கூறுவாரும் உளர். அதற்குரிய சான்று அத்துணை வலிதன்று. கோட்டுவாத்தியம் கேட்டறிந்தோர்க்கு இவ்வாசிப்பு முறையை விளக்க வேண்டுவதில்லை. இடக்கை விரல்கள் தந்தியை மெட்டுகளில் அழுத்தாது, வழுவழுப்பான கட்டையொன்றை அதன்மேல் நகர்த்த, சுரங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு இடையறாது இழைந்து செல்லும். 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் ஹவாயர் வாசித்ததைக் கேட்ட மக்கள் அதன்மேற் பெருமோகங்கொண்டனர். அதன்பின் ஹவாய்க் குழுக்கள் அமெரிக்கச் சிற்றூர்களிலெல்லாம் கூடாரமடித்து வாசித்தன. மலைநாட்டு இளைஞர் பலர் அவர்களிடமே இக்கலையைக் கற்றனர்.

ஆயினும் மரத்தாலான கிற்றாருக்கு ஒரு குறை இருந்தது. ஒலிபெருக்கி அரங்குகளுக்கு வராத அக்காலத்தில், பித்தளை ஊதுகருவிகளும் பறைகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி கேளாதொழிந்தது. ரெக்சாசிலிருந்து வந்து கலிபோர்னியாவில் மேடைக்கலைஞராய்த் திரிந்த ஜோர்ஜ் பீச்சம் என்பவர் இக்குறையினால் மனம் நொந்து, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இசைக்கருவி செய்துவந்த ஜோன் டொப்பியேராவை அணுகினார். டொப்பியேரா இன்றைய சிலோவாக்கியாவிற் பிறந்து, 1908இல் குடும்பத்தாருடன் அமெரிக்கா சென்றவர். தச்சுத் தொழிலிலும் உலோக வேலையிலும் வல்லவர். பழைய கிராமபோன் பெட்டியின் கொம்பைக் கிற்றாருடன் பொருத்தித் தருமாறு பீச்சம் கேட்க, அவ்வாறே செய்துங்கொடுத்தார். அது பயன்படவில்லை. கொம்பு தோற்றபின் டொப்பியேராவின் மனம் கிராமபோனின் மற்றோர் உறுப்பிற் சென்றது. ஊசியின் அசைவை ஒலியாக்கும் மெல்லிய தகட்டை ஒத்த ஒன்றைக் கிற்றாரின் வயிற்றுள் வைத்தாலென்ன என எண்ணினார். மிக மெல்லிய அலுமினியத்தால் ஆறங்குல விட்டமுள்ள மூன்று கூம்புகளைச் செய்து, உலோக உடலுள் அமைத்து, குதிரையின் பாரம் அவற்றின்மீது தங்கும்படி செய்தார். இவ்வகைக் கிற்றாரைச் செய்து விற்பதற்கு நஷனல் என்னும் பெயருடன் 1927இல் ஒரு கம்பனி தோன்றியது.

கூட்டு நிலைக்கவில்லை. பீச்சத்துடன் பிணங்கிய டொப்பியேரா ஓரிரு ஆண்டுகளுள் வெளியேறித் தம் சகோதரர்களுடன் வேறொரு கம்பனியை நிறுவினார். டொப்பியேரா என்பதன் முதலெழுத்துகளுடன் சகோதரர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளைச் சேர்த்து டொப்றோ எனப் பெயரிட்டனர். அவர்களின் தாய்மொழியில் அச்சொல்லுக்கு 'நல்லது' என்பது பொருள்.

புதிய டொப்றோவின் அமைப்பு பழையதனின் வேறானது. உடல் மரத்தாலானது, உள்ளே பத்தரை அங்குல விட்டமுள்ள ஒரே கூம்பு, கிண்ணம்போல் வாய் மேல்நோக்க வைக்கப்பட்டிருக்கும். குதிரையைத் தாங்கும் உலோகச் சட்டம் எட்டுக் கால்களைப் பரப்பிக் கூம்பின் விளிம்பில் நிற்பதால் அதனைச் சிலந்தி என்றே தொழிலாளர் அழைத்தனர். தந்தியின் அதிர்வு குதிரைக்கும், குதிரையிலிருந்து சிலந்தியின் கால்களுக்கும், அவற்றின் வழியாகக் கூம்பிற்கும் சென்று வளியை அசைக்கின்றது. இதனைப் பரிவு என்று கூறுதல் பௌதிகத்திற்கு முற்றும் பொருந்தாது. ஒரு பொருள் தனக்கியல்பான அதிர்வெண்ணை எதிர்ப்பட்டு அதிர்வதே பரிவாகும். இக்கூம்போ, ஒலிபெருக்கியின் கூம்பைப்போல எல்லாச் சுரங்களுக்கும் அசைந்து கொடுக்கவேண்டியது. எனினும் ஆங்கிலத்தில் அப்பெயர் நிலைத்துவிட்டது. ஈழத்துப் பௌதிக நூல்கள் அவ்வாங்கிலச் சொல்லுக்கு வழங்கும் பரிவு என்னும் தமிழ், இரக்கத்தையும் குறித்தலால், பெயர்ப்பொருத்தத்தில் ஆங்கிலத்தினும் ஒருபடி மேம்பட்டதென்றே கூறலாம்.

நஷனல் கம்பனியின் உலோகக் கிற்றார் சுரீரென்று எழுந்து விரைவில் அடங்கும் ஒலியுடையது; கறுப்பினப் புளூஸ் பாடகர் பலர் அதனை விரும்பிக் கைக்கொண்டனர். டொப்றோவின் ஒலி சற்று மூக்கொலி கலந்தது. எழுந்தபின் சிறிது நேரம் நீண்டு மெல்ல மங்குவது. மலைநாட்டார் பாடுங்குரலும் மூக்கொலி கலந்த உச்சக்குரலே. ஓசையினத்தால் இரண்டும் ஒருங்கு சேர்ந்தன.

இதற்கிடையில் பீச்சம் வாளாவிருந்தாரல்லர். நஷனல் கிற்றார்களுக்கு உலோக உடல் செய்துகொடுத்த அடோல்வ் றிக்கன்பாக்கருடன் கூடி, காந்தத்தின் துணையால் தந்தியின் அசைவை மின்னோட்டமாக்கும் கிற்றாரை 1932இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்குரிய காப்புரிமை 1937இற் கிடைத்தது. உரத்த கிற்றார் வேண்டுமென்று டொப்பியேராவின் வாயிலில் நின்றவரே அவர் செய்த கருவியின் தேவையை இல்லாமற் செய்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கி உலோகம் படைக்கலங்களுக்கு வேண்டப்பட்டபோது பரிவுக் கிற்றாரின் உற்பத்தி நின்றுபோயிற்று. அப்போது அதனைக் கைவிடாது வைத்திருந்தோர் கண்ட்றி இசைவாணர் சிலரே.

அவர்களுள் முற்பட்டவர் கெண்டக்கியிற் பிறந்த கிளிவ் கார்லைல். கண்ட்றி இசையின் தந்தையெனப் போற்றப்படும் ஜிம்மி றொட்ஜர்ஸ் 1928இலேயே தம் இசைத்தட்டுகளில் எல்ஸ்வேர்த் கொசன்ஸ் என்பவரின் ஹவாய்ப் பாணிக் கிற்றாரைச் சேர்த்திருந்தார். 1931இல் கார்லைலும் அவருடன் வாசித்தார். இவையெல்லாம் தொடக்கமே. நாட்டின் செவியில் அவ்வொலியை நிலைநாட்டியது நாஷ்வில் நகர வானொலியின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியாகிய கிறாண்ட் ஓல் ஒப்றியாகும். 1938 பெப்புருவரியில் ரெனெசிப் பாடகர் றோய் ஏக்கவ், 'தி கிறேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' என்னும் பக்திப்பாடலை அங்கே பாடியபோது, கிளெல் சமி டொப்றோ வாசித்தார். நேயர் கடிதங்கள் குவிந்தன. ஏக்கவ் அந்நிகழ்ச்சியில் நிலையான இடம்பெற்றார். சமி விலகவே, 1939 தொடக்கத்தில் பீச்சர் கேர்பி என்பவர் அவ்விடத்திற்கு வந்தார்.

1911இல் ரெனெசி மலைப்புறத்திற் பிறந்த கேர்பி, பிழைப்புத் தேடி மிச்சிகன் மாநிலத்து மோட்டார்த் தொழில் நகரமொன்றிற்குச் சென்று, அங்கு வாசித்த ஹவாயர் ஒருவரைக் கேட்டு இக்கலையைக் கற்றவர். குழுவிலே றேச்சல் வீச் என்னும் இளம்பெண் ஆடவருடன் ஊரூராய்ச் செல்வதை நேயர் சிலர் குறைகூறினமையால், கேர்பியை அவளின் அண்ணனாக அறிவித்து 'நாணமுள்ள சகோதரர் ஒஸ்வால்ட்' எனப் பெயருஞ் சூட்டினர். கோமாளியுடை அணிந்து சிரிப்பூட்டிய அவரே, சோகப்பாடல் தொடங்கியவுடன் அவையினரைக் கண்கலங்கச் செய்வார். 1940இல் 'தி பிரெஷஸ் ஜுவல்', 1942இல் 'றெக் ஒன் தி ஹைவே' முதலாக ஏக்கவ் பதிவுசெய்த பாடல்களில் அவர் கைவண்ணம் இன்றுங் கேட்கலாம்.

அக்கைவண்ணம் யாதெனச் சிறிது நோக்குதல் வேண்டும். டொப்றோவின் ஆறு தந்திகளும் பெரும்பாலும் ச க ப, ச க ப என்னும் முறையிற் சுருதி சேர்க்கப்படும். காந்தாரம் அந்தர காந்தாரம். உருக்குத் துண்டு நேரானது. எனவே எங்கு வைப்பினும் அதே மூன்று சுரங்களின் கூட்டே மேலும் கீழுமாகப் பெயரும்; சாதாரண காந்தாரம் வேண்டும் சோகக் கூட்டுகளை முழுமையாக வாசித்தல் அரிது. இக்குறையே வாசிப்போனுக்குக் கட்டுப்பாடாயிற்று. சுரங்களைக் குவிக்க முடியாதவன் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, கீழிருந்து வழுக்கி மேலேறி, உரிய இடத்தில் நிறுத்தி, கையை நடுக்கி அசைவூட்டுகின்றான். மலைநாட்டுப் பாடகரும் சுரத்தை நேராகப் பற்றாது கீழிருந்தே எட்டிப் பிடிப்பர். பாடலடி முடிந்து பாடகன் மூச்செடுக்கும் இடைவெளியில் டொப்றோ அவ்வடியின் கடைசிச் சொல்லைத் திருப்பிக் கூறுவதுபோல் ஒலிக்கும். அடுத்த அடி தொடங்குமுன் தானாகவே மங்கிவிடும். மின்சாரக் கிற்றாரின் ஒலி நீண்டு நின்று பாடகனின் அடுத்த சொல்லையும் மூடவல்லது. வயலினோ வில் ஓடும்வரை ஓயாது. பறித்தெழுந்து தேயும் டொப்றோவின் ஒலி, பேசியபின் ஒதுங்கி நிற்கும் நல்ல பக்கவாத்தியத்தின் பண்புடையது. கேர்பி வாசித்த சுரங்கள் மிகச் சிலவே. அவர் எங்கே வாசியாது விட்டார் என்பதைக் கேட்போர்க்கே அவரது திறமை விளங்கும்.

போருக்குப்பின் நாஷ்வில் இசையில் மின்சார உருக்குக் கிற்றார் ஆட்சி செலுத்தியது. காலால் மிதித்துச் சுருதியை மாற்றும் மிதிக் கிற்றாரை பட் ஐசக்ஸ் வாசித்த 'ஸ்லோலி' என்னும் பாடல் 1954இல் பெருவெற்றி பெற்றபின், டொப்றோ பழையோர் கருவியாகக் கருதப்பட்டது. அதனைக் காத்தது கண்ட்றியின் கிளையாகிய புளூகிறாஸ். மின்கருவிகளை ஒதுக்கிய அவ்விசையை வகுத்த பில் மன்றோவின் குழுவிலும் டொப்றோவிற்கு இடமில்லை. அவரிடமிருந்து பிரிந்த லெஸ்ரர் பிளாற், ஏர்ள் ஸ்கிறக்ஸ் இருவரும் நடத்திய குழுவில் 1955இற் சேர்ந்த ஜோஷ் கிறேவ்ஸ் முதலிற் பெருவயலினே மீட்டினார். சில வாரங்களில் டொப்றோவிற்கு மாற்றப்பட்டார். ஸ்கிறக்ஸ் பான்ஜோவில் மூன்று விரல்களால் உருட்டி வாசிக்கும் விரைவு முறையை அவர் டொப்றோவிற்குக் கொணர்ந்தார். அதனால் அழுவதற்கே உரியதென்றிருந்த கருவி ஓடவுங் கற்றது. வேகத்தை வியப்போர் அவரது துரிதகதி வாசிப்பையே போற்றுவர். மெதுவான பாடல்களில் அவர் காட்டிய புளூஸ் சாயலே மேலானதென்பது பொருந்தும். அங்கேதான் விரைவுக்கை அடங்கிக் குரலைக் கேட்கின்றது.

கிறேவ்சின் வழியிலேயே பின்வந்தோர் எழுந்தனர். பத்திரிகையொன்றில் ஓவியராய்த் தொழில்செய்த மைக் ஓல்றிட்ஜ், மேலே கூறப்பட்ட கொசன்சின் மருகர். கிறேவ்சிடமே தம் முதற் டொப்றோவை வாங்கியவர். 1971இல் வாஷிங்ரன் பகுதியில் தோன்றிய செல்டம் சீன் குழுவில் அவர் வாசித்த மென்மையான பாணி நகரத்தாரையும் ஈர்த்தது. ஒகையோ மாநிலத்து உருக்காலைத் தொழிலாளியின் மகனாய் 1956இற் பிறந்த ஜெரி டக்ளஸ், சிறுவனாயிருக்கையில் கிறேவ்சைக் கேட்டு இத்துறையில் இறங்கியவர். 1998 முதல் அலிசன் கிறோஸ் என்னும் பாடகியின் குழுவில் அவர் வாசிக்கும் பாடல்களிற் பழைய முறை தெளிவாகத் தெரிகின்றது: மெல்லிய பெண்குரல், இடைவெளி, அதனுள் ஒன்றிரண்டு வழுக்கிய சுரங்கள். கேர்பியோ ஏக்கவ் 1992இல் இறக்கும்வரை அவர் பக்கத்தை விட்டகலாதிருந்து, 1995இல் ஒப்றியின் அங்கத்தவராக்கப்பட்டு, 2002இற் காலமானார்.

கேர்பி அங்கத்தவரான அதே 1995இல், கிற்றாரை மாற்றியமைத்து மோகன வீணை எனப் பெயரிட்டு இந்துஸ்தானி இசை வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டும் டக்ளசும் எட்கர் மேயரின் பெருவயலினோடு கூடி 'போர்பன் அன்ட் றோஸ்வோற்றர்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். ஹவாயிலிருந்து ஒரு கிளை ரெனெசி மலைகளுக்கும் மற்றொரு கிளை இந்தியாவிற்குமாகச் சென்ற வழுக்குமுறை அத்தட்டில் ஒன்றையொன்று எதிர்ப்படுகின்றது. ஒருவர் ஆலாபனையாய் இழுத்த சுரத்தை மற்றவர் மலைநாட்டுப் பாணியில் வாங்கி முடிக்கும் இடங்களில், எவர் கை எதுவென்று பிரித்தறிதல் சில வேளைகளில் எளிதாக இல்லை.