ஆளில்லாதவர்களுக்கு ஒரு சூனியக்காரி

கதைகள் வளர்த்த சிறுமிகள் – 12

ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருந்தவள் ஸ்னாப்பர்லி கிழவி. வாயில் பல் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வாள். துணைக்கு ஒரு பூனை. அந்தப் பகுதியை ஆளும் பிரபுவின் மகன் காணாமல் போனதும், "இவள் சூனியக்காரி, பையனை இவள்தான் ஏதோ செய்துவிட்டாள்" என்று ஊரே முடிவுகட்டியது. குடிசையைக் கொளுத்தினார்கள். பூனையைக் கொன்றார்கள். யாரும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பனியிலேயே அவள் உயிர் போனது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிதான் டிஃபனி ஏக்கிங். ஒன்பது வயதில் அவள் ஒரு முடிவெடுக்கிறாள்: நான் சூனியக்காரி ஆவேன், இன்னொரு கிழவிக்கு இப்படி நடக்க விடமாட்டேன்.

இங்கிலாந்து எழுத்தாளர் டெரி பிராட்செட் 1983இல் தொடங்கிய 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். ஆமையின் முதுகில் நான்கு யானைகள் நிற்க, அவை சுமக்கும் தட்டையான உலகில் நடக்கும் நகைச்சுவைக் கதைகள் அவை. அவற்றில் ஐந்து நாவல்கள் டிஃபனியுடையவை. 2003இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்' முதலாவது. 2015இல் வந்த 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' கடைசி. பிராட்செட் வாழ்ந்த வில்ட்ஷயர் பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகளும் ஆட்டு மந்தைகளும்தான் டிஃபனியின் ஊராக மாறியிருக்கின்றன.

டிஃபனி பால்பண்ணையில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்கிற குடியானவர் வீட்டுப் பெண். அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தவள். அப்படிப் படிக்கக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஓடையிலிருந்து ஒரு நீர்ப்பேய் தலைதூக்குகிறது. அதன் கண்கள் சூப் தட்டு அளவு இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. டிஃபனி வீட்டுக்குப் போய் சூப் தட்டை அளந்து பார்க்கிறாள்: எட்டு அங்குலம். பிறகு தம்பியைத் தூண்டிலில் இரை வைப்பதுபோல் கரையில் உட்காரவைத்து, பேய் மேலே வந்ததும் இரும்பு வாணலியால் ஓங்கி ஒரு போடு போடுகிறாள். கண்ணால் பார்ப்பது, அளந்து உறுதிப்படுத்துவது, பிறகு பயப்படாமல் இறங்குவது: இந்தக் குணம்தான் ஐந்து நாவல்களிலும் அவளைக் காப்பாற்றுகிறது.

சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆறு அங்குல உயரமும் நீலத் தோலும் கொண்ட ஃபீகிள்கள் அவளுக்குக் காவல். திருட்டு, குடி, அடிதடி தவிர வேறு தொழில் தெரியாதவர்கள். உலகில் அவர்கள் அஞ்சுவது வக்கீல்களுக்கு மட்டும். வழக்கப்படி அவர்களின் தலைவனை டிஃபனி மணக்க வேண்டிய கட்டம் வருகிறது. அவள் மறுக்கவில்லை, நாள் மட்டும் குறித்துக் கொடுக்கிறாள். உலகத்தின் கோடியில் ஒரு பெரிய கல் மலை. வருடத்துக்கு ஒருமுறை ஒரு குருவி வந்து அதில் அலகைத் தீட்டிவிட்டுப் போகும். மலை தேய்ந்து மணல்துகள் அளவானதும் கல்யாணம். தலைவனுக்கும் அப்பாடா என்றிருக்கிறது!

இரண்டாம் நாவலான 'எ ஹாட் ஃபுல் ஆஃப் ஸ்கை'யில் பதினோரு வயது டிஃபனி தொழில் பழக மலைநாட்டுக்குப் போகிறாள். மந்திரம் கற்கப் போனவளுக்குக் கிடைப்பது வீடு வீடாகப் போகும் வேலை. பிரசவம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, முதியவர்களின் வீட்டைப் பெருக்கி, சாப்பாடு கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வருவது. அங்கே வீவால் என்ற தள்ளாத கிழவர் இருக்கிறார். தன் இறுதிச் சடங்குக்கு யாரும் செலவழிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று ஒரு பெட்டியில் காசு சேர்த்து வைத்திருக்கிறார். டிஃபனியின் உடலுக்குள் புகுந்த ஒரு தீயசக்தி, அவள் கையாலேயே அந்தக் காசை எடுத்துவிடுகிறது. தன்னிலை திரும்பியதும் அவள் ஒளிந்துகொள்ளவில்லை. நேராக அவர் வாசலுக்குப் போய் நிற்கிறாள். அதற்குள் ஃபீகிள்கள் பெட்டியைத் தங்கத்தால் நிரப்பிவிட்டார்கள். கிழவரோ இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்து விதவையைப் பெண் கேட்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். சாவுக்குச் சேர்த்த பணம் வாழ்வதற்கு உதவப்போகிறது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கவைக்கும் இடம் இது.

நான்காம் நாவல் 'ஐ ஷால் வேர் மிட்நைட்' 2010இல் வந்தது. அப்போது அவளுக்கு வயது பதினாறை நெருங்குகிறது; ஊருக்கே அவள்தான் பொறுப்பு. சாகக் கிடக்கும் பிரபுவின் வலியை உடம்பிலிருந்து வெளியே எடுத்து, பந்துபோல் திரட்டி, வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறாள். மகளை அடித்து நொறுக்கிய தகப்பனை ஊர் திரண்டு அடிக்க வருகிறது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியவளும் டிஃபனிதான். தானே தூக்கு மாட்டிக்கொண்ட தகப்பனைக் காப்பாற்றுபவளும் அவள்தான். இத்தனை செய்தும், பிரபு இறந்தவுடன் பழி அவள்மேல் விழுகிறது. ஸ்னாப்பர்லி கிழவியைக் கொன்ற அதே சந்தேகம் ஊருக்குள் மறுபடி கிளம்புகிறது.

தனக்கு அல்சைமர் நோய் இருப்பதை பிராட்செட் 2007 டிசம்பரில் அறிவித்தார். கையால் தட்டச்சு செய்ய முடியாமல் போனபின், வாயால் சொல்லிச் சொல்லி எழுதினார். 2015 மார்ச் 12 அன்று அவர் இறந்தார். டிஃபனியின் கடைசி நாவல் அதன் பிறகுதான் வெளிவந்தது. அடுத்தவர் கையை நம்பி வாழ வேண்டிய நிலை எப்படியிருக்கும் என்பதை உடம்பால் அறிந்த மனிதர், பிறருக்குக் கை கொடுக்கும் பெண்ணின் கதையைக் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

சிறுவர் கதைகளில் மாயசக்தி பெரும்பாலும் எதிரியை வெல்ல வரும் ஆயுதம். பிராட்செட் அதை ஊழியமாக்கினார். ஒரு சமூகம் எப்படிப்பட்டது என்பதற்கு, அங்கே நாதியற்ற ஒரு கிழவிக்கு என்ன நடக்கிறது என்பதே அளவுகோல் என்று இந்த நாவல்கள் சொல்கின்றன. உபதேசம் இல்லாமல், வயிறு குலுங்கச் சிரிக்கவைத்துச் சொல்கின்றன. சிறுவர்களுக்காக இதைவிட நேர்மையாக எழுதப்பட்ட வரிசை ஒன்றை நான் படித்ததில்லை.

உங்கள் வீட்டில் பத்து வயதைத் தொட்ட குழந்தை இருந்தால் முதல் நாவலிலிருந்து வரிசையாகப் படிக்கக் கொடுங்கள். நான்காவதை மட்டும் கொஞ்சம் வளர்ந்தபின் கொடுத்து, நீங்களும் கூடவே உட்கார்ந்து படியுங்கள்.

(தொடரும்)