ஊசி குத்தாமல் ஈரலைப் பார்ப்பது எப்படி?

ஸ்கான் அறிக்கையில் 'ஈரலில் கொழுப்பு' என்று எழுதியிருந்தால், திருகோணமலையில் இன்னமும் முதலில் எழுவது குடிப்பழக்கம் பற்றிய சந்தேகம்தான். ஓர்ஸ் ஹில்லில் அலுவலகக் கதிரையில் நாளைக் கழிப்பவருக்கும், மதுவைத் தொட்டே பார்க்காத அம்மாவுக்கும் இது வரும். களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32.6 சதவீதமானோருக்கு மதுவால் வராத கொழுப்பீரல் காணப்பட்டது.

கொழுப்பைவிடப் பயப்பட வேண்டியது தழும்புக்குத்தான். அது வலியில்லாமல் கூடிக்கொண்டே போய் சிரோசிஸில் முடியலாம். சாதாரண ஸ்கான் ஆரம்பத் தழும்பைக் காட்டாது. பருத்த உடலில் படமும் மங்கலாகவே விழும். முன்னர் ஊசியால் ஈரலில் சிறு துண்டெடுத்துப் பார்த்தார்கள். அது ஈரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். குருதி கசியும் ஆபத்தும் உண்டு.

இப்போது முதற்படி ஒரு கணக்கு. பெயர் ஃபிப்-4. வயதை ஏ.எஸ்.ரி அளவால் பெருக்குங்கள். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை (இரண்டு இலட்சம் என்றால் 200) ஏ.எல்.ரியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் முன்னதை வகுங்கள். வயது 52, ஏ.எஸ்.ரி 40, ஏ.எல்.ரி 49, சிறுதட்டு 200 என்றால் விடை 1.49. 1.3க்குக் கீழ் என்றால் பெருந்தழும்புக்கு வாய்ப்புக் குறைவு; 65 வயதுக்கு மேல் அந்த எல்லை 2.0. 2.67ஐத் தாண்டினால் நிபுணரிடம் போகவேண்டும். இடையில் நிற்பவர்களுக்கு ஃபைப்ரோஸ்கான். விலாவில் மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தை அது அளக்கும். இறுகிய ஈரலில் அதிர்வு வேகமாக ஓடும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் ஆறுதல். பருமனானவர்களுக்கு ஆழமாக அளக்கும் எக்ஸ்.எல் முனை இருக்கிறது, அதைக் கேளுங்கள். மூன்று மணிநேரம் சாப்பிடாமல் போகவேண்டும்.

போரைக் கடந்துவந்தவர்கள் சிலவற்றை மருத்துவரிடம் தாமாகவே சொல்வது நல்லது. வயிற்றுக் காயத்தால் மண்ணீரல் அகற்றப்பட்டவருக்குச் சிறுதட்டுகள் கூடியிருக்கலாம். அப்போது ஃபிப்-4 பொய்யாகக் குறைந்து காட்டும். டெங்கு வந்த வாரங்களில் இதற்கு நேர்மாறு, பொய்யாகக் கூடிவிடும். உடலில் ஷெல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லவேண்டும். ஃபைப்ரோஸ்கானில் காந்தமில்லை என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்று, கிளினிக்குகளில் அடிக்கடி தவறவிடப்படுவது. ஒரு காலை முழுமையாக இழந்தவரின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. தராசு சாதாரண எடை என்று சொல்லும், வயிற்றிலோ கொழுப்பு இருக்கும். அவருக்கு இடுப்புச் சுற்றளவைப் பார்க்கவேண்டும்: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டியிருந்து நீரிழிவும் இருந்தால், அடுத்த கிளினிக்கில் ஃபிப்-4 கணக்கைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தேவையான மூன்று அளவுகளும் வழமையான குருதிப் பரிசோதனைகளில் வருபவைதான்.