இரத்தத்தில் அமிலம் மிகும்போது

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்திப் பலர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோர் பலருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்நஞ்சு குடித்தவுடன் பெரிதாகத் தெரியாமல், பல மணி நேரம் கழித்து உயிரைப் பறிப்பது ஏன்? விடை நம் இரத்தத்தில் உள்ளது.

இரத்தத்தின் அமில, கார நிலையைக் குறிக்கும் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை இருத்தல் வேண்டும். உடலில் நாள்தோறும் அமிலம் உண்டாகிறது. ஆயினும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. அமிலமோ காரமோ சேர்ந்தாலும் தன்னிலை எளிதில் மாறாத கரைசலைத் தாங்கல் கரைசல் என்பர். இரத்தம் அத்தகையது.

இரத்தத்திலுள்ள பைகார்பனேட், மிகும் அமிலத்தை ஏற்றுக் கார்பானிக் அமிலமாகிறது. அது நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. அவ்வாயுவை நுரையீரல் வெளியேற்றுகிறது. காரம் மிகுந்தால், கார்பானிக் அமிலம் மீண்டும் பைகார்பனேட்டாகிறது. இவ்வாறு இரு திசைகளிலும் ஒரே வேகத்தில் வினை நிகழும் நிலையே வேதிச் சமநிலை. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகங்கள் ஈடுசெய்கின்றன. அதற்குப் பல மணி நேரம், சில நாட்கள்கூட ஆகும்.

மெத்தனாலைக் கல்லீரல் மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதனைத் தாங்கித் தாங்கிப் பைகார்பனேட் தீர்ந்துபோகிறது. கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்குகிறது. பார்வை நரம்பும் சிதைகிறது. ஆதலால் மருத்துவர்கள் நரம்பு வழியே பைகார்பனேட் செலுத்துகின்றனர். நஞ்சு மேலும் அமிலமாகாமல் தடுக்க மருந்து தருகின்றனர். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து நஞ்சை அகற்றுகின்றனர்.

சிறுநீரகம் செயலிழந்தோருக்கும், சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதோருக்கும் இச்சமநிலை குலையக்கூடும். டயாலிசிஸ் திரவத்தில் பைகார்பனேட் சேர்க்கப்படுவதும், சிறுநீரக நோயாளிகளுக்கு அதன் அளவு பரிசோதிக்கப்படுவதும் இதனாலேயே.

குடும்பத்தினர் கவனத்திற்கு:

• ஐயத்திற்குரிய சாராயம் அருந்தியவர் நலமாகத் தோன்றினாலும் காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

• வாந்தி, வயிற்றுவலி, கண்முன் பனி படர்ந்தாற்போன்ற மங்கல், மூச்சிரைப்பு ஆகியவை அபாய அறிகுறிகள். 108-ஐ அழையுங்கள்.

• சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அது சிகிச்சைக்கு ஈடாகாது.

• எதை, எப்போது அருந்தினார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். உடன் அருந்தியவர்களையும் அழைத்து வாருங்கள்.

இரத்தத்தின் தாங்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அது தீருமுன் வந்து சேர்ந்தால், உயிரையும் பார்வையையும் காக்கும் வாய்ப்பு மிகுதி.